நீர்க்கடுப்புக்கு மாத்திரை ஏன் கேட்பதில்லை? அடிக்கடி வரும் கேள்விகள்

வீட்டில் இருக்கும்போதே வரும் சிறுநீர்த் தொற்றைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, டியூப் போட்ட இடத்தில் வருவது வேறு கதை. நான் வேலை பார்ப்பது நுண்ணுயிர் லேபில். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுண்டரில் நின்று கேட்பவை கிட்டத்தட்ட இந்தக் கேள்விகள்தான்.

முன்பெல்லாம் நாலு மாத்திரையில் போய்விடும். இப்போது ஏன் கேட்கவில்லை?

நீங்கள் சொல்லும் அந்த நாலு மாத்திரை பெரும்பாலும் நார்ஃப்ளாக்சசினாகவோ சிப்ரோஃப்ளாக்சசினாகவோ இருந்திருக்கும். 1980-களின் பிற்பகுதியில் வந்த மருந்துகள், வந்த புதிதில் அபாரமாக வேலை செய்தன, விலையும் சரசரவென்று இறங்கியது. அவ்வளவுதான், வயிற்றுப்போக்கா சிப்ரோ, காய்ச்சலா சிப்ரோ, பல்வலியா அதற்கும் சிப்ரோ என்று இருபது முப்பது வருடம் ஓட்டினோம். இந்த மருந்து போய் உட்காருவது, கிருமி தன் டி.என்.ஏ-வை முறுக்கி அவிழ்க்கப் பயன்படுத்தும் ஒரு என்சைமில். அந்த என்சைமில் ஓரிரண்டு எழுத்து மாறினால் போதும், மருந்துக்கு உட்கார இடம் இருக்காது. ஒவ்வொரு முறை யாரோ மாத்திரை போட்டபோதும் மாறாதவை செத்தன, மாறியவை பெருகின.

லேபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிருமியைத் தட்டு முழுக்கத் தடவி, நடுவில் 5 மைக்ரோகிராம் சிப்ரோ ஏற்றிய சின்னக் காகித வட்டை வைத்து ஓர் இரவு விடுவோம். மருந்து கேட்கும் கிருமி என்றால் காலையில் அந்த வட்டைச் சுற்றி 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு எதுவுமே முளைக்காத வெற்றிடம் தெரியும். 26 அல்லது அதற்கு மேல் இருந்தால் கேட்கும், 21 அல்லது அதற்குக் கீழே போனால் கேட்காது. இப்போது நிறைய தட்டுகளில் ஸ்கேலுக்கே வேலை இல்லை, காகிதத்தின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நிற்கிறது.

பப்ளிக் டாய்லெட் போனதால்தான் வந்ததா?

பெரும்பாலும் இல்லை. நீர்க்கடுப்பில் முக்கால்வாசிக்கு மேல் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா, அது உங்கள் குடலிலேயே குடியிருப்பது. மலவாயிலிருந்து சிறுநீர்த் துளைக்குப் போய், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு ஏறுகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் அந்தக் குழாய் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 வரை இருக்கும். பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை இது வருவதற்கு இந்த நீளக் கணக்குதான் முக்கியக் காரணம், சுத்தக்குறைவு இல்லை. இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புதிதாகக் கல்யாணம் ஆன பெண்களை வீட்டிலேயே குற்றவாளி மாதிரி நடத்துகிறார்கள். பஸ் ஸ்டாண்டு டாய்லெட்டுக்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே இருப்பதுதான் அந்த டாய்லெட்டை விடக் கெடுதல்.

நான் வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் தொட்டதே இல்லை. எனக்கு எப்படி ரெசிஸ்டன்ட் கிருமி?

ஆன்டிபயாடிக்குக்குப் பழகிக்கொள்வது உங்கள் உடம்பு இல்லை, கிருமி. அது ஊர் பூராவும் கை மாறுகிறது, தண்ணீரில், சாப்பாட்டில், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள். எவ்வளவு வேகமாக என்பதற்கு ஓர் ஆய்வு சொல்கிறேன். நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்வந்த சுமார் 2,000 பேரின் மலத்தைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள், 2017-ல் முடிவு வெளியானது. போகும்போது ஈ.எஸ்.பி.எல் வகைக் கிருமி (பல மருந்துகளை வெட்டிப் போடும் கிருமி, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) இல்லாமல் போய், தெற்காசியாவில் சில வாரம் இருந்து திரும்பியவர்களில் நூற்றுக்கு 75 பேர் குடலில் அதைக் கொண்டுவந்திருந்தார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், இங்கேயே பிறந்து இங்கேயே சாப்பிடும் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. குடலில் சும்மா இருக்கும் வரை அது ஒன்றும் செய்யாது. சிறுநீர்ப்பைக்கு ஏறிய அன்றுதான் தெரியும்.

ரிப்போர்ட்டில் "ஈ.எஸ்.பி.எல் பாசிட்டிவ்" என்று சிவப்பில் போட்டிருக்கிறது. இது என்ன, பெரிய வியாதியா?

வியாதி அதே நீர்க்கடுப்புதான். கிருமி கையில் ஒரு கத்திரிக்கோல் இருக்கிறது என்று அர்த்தம், பென்சிலின் வகை மருந்துகளையும் செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின்களையும் வெட்டிப் போடும் என்சைம் அது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற வகை, 1999-ல் டெல்லியில் எடுத்த மாதிரிகளில்தான் முதலில் கண்டு விவரிக்கப்பட்டது. லேபில் கண்டுபிடிப்பது சுலபம். செஃபலோஸ்போரின் வட்டு ஒன்று, அதே மருந்தோடு அந்த என்சைமை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்த்த வட்டு ஒன்று, இரண்டையும் வைப்போம். சேர்த்ததைச் சுற்றி வெற்றிடம் 5 மில்லிமீட்டராவது கூடினால் ஈ.எஸ்.பி.எல்.

இதில் வம்பு என்னவென்றால் இந்த ஜீன் தனியாக வராது. பிளாஸ்மிட் என்ற ஒரு வளையத்தில் உட்கார்ந்திருக்கும், அதே வளையத்தில் கோட்ரைமாக்சசோலுக்கு எதிரான ஜீன், ஜென்டாமைசினுக்கு எதிரான ஜீன் என்று கூட்டமாக இருக்கும், ஒரு பாக்டீரியா அடுத்ததற்கு மொத்த வளையத்தையும் அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். அதனால்தான் நீங்கள் ஒரு மருந்தைச் சாப்பிட்டால் சம்பந்தமே இல்லாத இன்னொரு மருந்துக்கும் எதிர்ப்பு வளர்கிறது.

பயப்பட வேண்டுமா? சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்று என்றால் அவ்வளவு வேண்டாம், வாயால் சாப்பிடும் மருந்து பெரும்பாலும் மிச்சம் இருக்கும். ஈ.எஸ்.பி.எல் என்ற வார்த்தையைப் பார்த்தவுடனே அட்மிட் ஆகி மெரோபெனெம் ஊசி போட்டுக்கொண்டவர்களும் உண்டு. காய்ச்சல் இல்லை, இடுப்புவலி இல்லை, மாத்திரை கேட்கும் என்று ரிப்போர்ட் சொல்கிறது, அப்புறமும் ஊசி எதற்கு என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

அப்படி மிச்சம் இருக்கும் மருந்து எது?

நைட்ரோஃபுரான்டாயின். 1953-லிருந்து இருக்கிறது, நம்மில் பலருக்கு வயதே அவ்வளவு இல்லை. சாப்பிட்டால் ரத்தத்தில் நிற்காமல் சிறுநீரில் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் சிறுநீர்ப்பைத் தொற்றைத் தவிர வேறெதற்கும் யாரும் கொடுக்கவில்லை, சளிக்கும் காய்ச்சலுக்கும் எழுத முடியவில்லை. கிருமிக்குள் போனதும் ஒரே இடத்தில் இல்லாமல் பல இடங்களில் அடிக்கும், ஒரு மாற்றத்தை வைத்துக் கிருமி தப்பிக்க முடியாது. இந்த இரண்டு காரணங்களால் எழுபது வருடம் கழித்தும் ஈ.கோலையிடம் இது நன்றாகவே கேட்கிறது, ஈ.எஸ்.பி.எல் இருந்தாலும். வழக்கமாக 5 நாள். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். சிறுநீர் பழுப்பு நிறத்தில் போகும், அதைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடாதீர்கள்.

எல்லோருக்கும் ஆகாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து சிறுநீரில் சேராது, உடம்பில்தான் தங்கும். பிரசவத் தேதி நெருங்கியவர்களுக்கும் ஜி-6-பி-டி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கும் கூடாது. கிருமி ஈ.கோலையாக இல்லாமல் புரோட்டியஸ் என்ற வேறு பாக்டீரியா என்றால் அதற்கு இயல்பிலேயே கேட்காது. தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டிருந்தால் பயனே இல்லை, திசுவுக்குள் மருந்து போதிய அளவு போவதில்லை.

அடுத்தது ஃபாஸ்ஃபோமைசின், 1969-ல் ஸ்பெயினில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. 3 கிராம் பொடி, ஒரு பாக்கெட், தண்ணீரில் கலக்கி ஒரே ஒரு தடவை. இரவில் சிறுநீர் கழித்துவிட்டு வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுப்பது நல்லது, மருந்து சிறுநீர்ப்பையில் நெடுநேரம் தங்கும்.

இவை இரண்டும் கையில் இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு முதல் மாத்திரையாகவே செஃபிக்சிம் எழுதுவது எனக்குப் புரிவதில்லை.

கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கொடுக்காமலே மருந்து எடுக்கலாமா?

இளவயது, முதல் தடவை, கர்ப்பம் இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் பல டாக்டர்கள் கல்ச்சர் இல்லாமலே மேலே சொன்னதில் ஒன்றை எழுதுவார்கள், அது சரிதான். மாத்திரை போட்டும் இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்துவிட்டது, ஆண், கர்ப்பிணி, குழந்தை, சமீபத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்றால் கல்ச்சர் கட்டாயம் வேண்டும்.

கொடுப்பதும் முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்பே. நேற்று ராத்திரி ஒரு சிப்ரோ போட்டுவிட்டுக் காலையில் டப்பாவோடு வருகிறார்கள், தட்டில் ஒன்றுமே முளைக்காது, "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட் போகும், எரிச்சல் மட்டும் போகாது.

சாம்பிள் எப்படிப் பிடிப்பது?

முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். லேபில் கொடுக்கும் மூடி போட்ட டப்பாவில்தான், வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இல்லை. உள்பக்கத்தை விரலால் தொடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். நாங்கள் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு சொல்கிறோம். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை வளையக் கம்பியால் எடுத்துத் தட்டில் கோடு போடுவோம், மறுநாள் 100 புள்ளி முளைத்தால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் என்று கணக்கு. மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் மத்தியானம் வரை கிடந்த டப்பாவில் லட்சம் என்ன, கோடியே வரும். நாலைந்து வகைக் கிருமி கலந்து முளைத்தால் திரும்பக் கொடுங்கள் என்போம், லேபைத் திட்டாதீர்கள்.

எஸ், ஐ, ஆர் என்று இருக்கிறதே, எஸ் போட்டதில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாமா?

கூடாது. எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ என்றால் இடைநிலை, டோஸ் கூட்டினாலோ மருந்து அந்த இடத்தில் அதிகம் சேர்ந்தாலோ கேட்கலாம். பட்டியலில் மெரோபெனெம் போன்றவையும் எஸ் என்று வரும், அதெல்லாம் உயிருக்குப் போராடும் நிலைக்கு வைத்திருப்பவை. வெற்றிட வட்டத்தின் அளவு எந்த மருந்துக்குப் பெரிதோ அதுதான் வலுவானது என்று ஒப்பிடுவதும் தப்பு, ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி அளவுகோல். நைட்ரோஃபுரான்டாயினுக்கு 17 மில்லிமீட்டர் வந்தாலே தேர்ச்சி, சிப்ரோவுக்கு அதே 17 வந்தால் தோல்வி.

எரிச்சலே இல்லை, மாஸ்டர் செக்கப்பில் கல்ச்சர் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. மருந்து வேண்டுமா?

கர்ப்பிணி என்றால் வேண்டும். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய ஆபரேஷன் செய்யப்போகிறார்கள் என்றாலும் வேண்டும். மற்றபடி வேண்டாம், சர்க்கரை இருந்தாலும், வயதானாலும் வேண்டாம். வயதான அம்மாக்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட் எடுத்து, பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு கோர்ஸ் கொடுத்து, கடைசியில் எதற்கும் மசியாத கிருமியை வளர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் அநேகம். அக்கறையில் செய்வதுதான்.

எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா, முழுக் கோர்ஸும் முடிக்க வேண்டுமா?

எழுதிய நாளை முடியுங்கள், இப்போது எழுதுவதே குறைந்த நாள்தான். கோட்ரைமாக்சசோல் கேட்கும் கிருமிக்கு 3 நாள், நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள், ஃபாஸ்ஃபோமைசின் ஒரே வேளை. பத்து நாள் சாப்பிட்டால் இன்னும் நல்லது என்று நீங்களாக நீட்டுவதும் குடலில் இருக்கும் கிருமிகளைத்தான் பழக்கும். மீந்ததை டப்பாவில் போட்டு அடுத்த முறைக்கோ நாத்தனாருக்கோ வைக்காதீர்கள்.

வாழைத்தண்டு, பார்லி, இளநீர், சிட்ரேட் சிரப்?

குடிக்கலாம், தண்ணீர் உள்ளே போகிறது, எரிச்சல் கொஞ்சம் தணியும். கிருமியைக் கொல்லும் என்று நம்பி நாளைக் கடத்த வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரில் பொட்டாசியம் அதிகம், பார்த்துக்கொள்ளுங்கள். சிட்ரேட் சிரப்பில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும், நைட்ரோஃபுரான்டாயின் புளிப்பில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுவது நம் ஊர் வழக்கம், அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆன்டிபயாடிக்கே இல்லாமல் வலி மாத்திரையோடு சமாளிக்க முடியுமா என்று ஜெர்மனியில் பார்த்தார்கள், 2015-ல் வெளியானது. ஐபுப்ரோஃபென் மட்டும் கொடுத்த பெண்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படவே இல்லை. ஆனால் ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களை விட இவர்களுக்கு மொத்தத்தில் வலி கூடுதல் நாள் நீடித்தது, சிறுநீரகத்துக்கு ஏறியவர்களும் இந்தப் பக்கம்தான் அதிகம். அதனால் நீங்களாகச் செய்து பார்க்கும் விஷயம் இல்லை இது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் தருகிறார்களே, சட்டம் இல்லையா?

இருக்கிறது. 2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் எச்-1 என்ற பட்டியல் அமலில் இருக்கிறது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனெம் எல்லாம் அதில் உண்டு. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சிப்ரோ அந்தப் பட்டியலில் இல்லை, பழைய எச் பட்டியலில் இருக்கிறது, அதற்கும் சீட்டு வேண்டும்தான். அட்டையின் பின்னால் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று 2016-ல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. பக்கத்தில் கேரளாவில் 2024-ல் கடைகளில் திடீர்ச் சோதனை போட ஆரம்பித்தார்கள். இங்கே "ரெண்டு நாளைக்கு மட்டும் கொடுங்கண்ணே" என்றால் கத்திரிக்கோலை எடுத்து அட்டையை நறுக்குகிறார்கள், அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. டாக்டர் ஃபீஸ், டெஸ்ட் செலவு, ஒரு நாள் கூலி எல்லாம் கூட்டினால் நாலு மாத்திரை மலிவு. கல்ச்சர் வசதி தாலுகா ஆஸ்பத்திரி வரை ஒழுங்காகக் கிடைக்காமல் இது முழுசாக மாறாது என்பது என் அபிப்பிராயம்.

சென்னையில் கண்டுபிடித்த சூப்பர்பக் என்று ஒன்று சொன்னார்களே?

என்.டி.எம்-1. மெரோபெனெம் வகையையும் வெட்டும் என்சைம். 2008 ஜனவரியில் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் கிடைத்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் முதலில் கண்டார்கள், அவர் டெல்லியில் சிகிச்சை எடுத்தவர், அதனால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2010-ல் வந்த பெரிய ஆய்வுக் கட்டுரைக்கு முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் கிடைத்திருந்தது. துணைக்கண்டத்து மாதிரிகளில் சில, ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களின் சிறுநீர்த் தொற்றிலிருந்து வந்தவை, எனக்கு அதுதான் அந்தக் கட்டுரையிலேயே கவலை தந்த வரி. நம் ஊர்ப் பேரைக் கெடுக்கிறார்கள், மருத்துவச் சுற்றுலாவைக் குலைக்கிறார்கள் என்று டெல்லியில் பெரிய சண்டை நடந்தது. சண்டை ஓய்ந்த பிறகு 2012-ல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ஒரு பிரகடனம் போட்டன, மேலே சொன்ன எச்-1 அதற்கு அப்புறம் வந்தது.

பேப்பரில் வரும் சதவீதங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

கொஞ்சம் தள்ளி நின்று. ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2013-லிருந்து எதிர்ப்பைக் கண்காணித்து வருகிறது, வேலூர் சி.எம்.சி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் அதில் உண்டு. வருவதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி மாதிரிகள். வெளியே சாதாரண நீர்க்கடுப்பு வந்த பெண்ணுக்குக் கல்ச்சரே எடுப்பதில்லை, இரண்டு மருந்து தோற்ற பிறகுதான் டப்பா லேபுக்கு வருகிறது. அதனால் எங்கள் தட்டில் தெரிவது ஊரில் இருப்பதை விட மோசமான படம். அதற்காக நிலைமை நன்றாக இருக்கிறது என்றும் இல்லை. 2023-க்கான உலக சுகாதார நிறுவனக் கணக்கில் லேபில் உறுதியான தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்று ரெசிஸ்டன்ட், நம் தென்கிழக்கு ஆசிய மண்டலத்தில் மூன்றில் ஒன்று.

எனக்கு வருடத்துக்கு நாலு தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக்தானா?

முதலில் தண்ணீர். அடிக்கடி வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்கள் 140 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். கூடுதலாகக் குடிக்காத பாதிக்கு வருடத்தில் 3.2 தடவை வந்தது, குடித்த பாதிக்கு 1.7 தடவைதான், 2018-ல் வெளியான ஆய்வு. தாம்பத்தியத்துக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நன்றாகவே கேட்கும், கேட்கத்தான் வெட்கப்படுகிறார்கள். மெதனமைன் என்று ஒரு பழைய மருந்து, ஆன்டிபயாடிக் இல்லை, சிறுநீரில் ஃபார்மால்டிஹைடாக மாறிக் கிருமியைத் தடுக்கும், எதிர்ப்பு வளராது. தினசரி சின்ன டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு இது சளைத்ததில்லை என்று 2022-ல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேனும் பார்த்துவிடுங்கள்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி. அன்றைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணி, கைக்குழந்தை, ஒரே சிறுநீரகம் உள்ளவர் என்றால் இவ்வளவு வரும்வரைகூட வேண்டாம். போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள், கடைசி மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் அட்டை இருந்தால் அதையும், நறுக்கியதாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் சரி.